சலவைக்கடைக் கதவு

செப்டம்பர் 8, ஞாயிறு

என் பெயர் செண்பகவல்லி. வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டி நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சராக வேலை பார்க்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், நான் அதை அடித்து அடித்துப் பழகியவள். வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியவில்லை. இது என் மகன் பூவநாதனின் டைரி. யாரோ புது வருடத்துக்குக் கொடுத்தது. அவன் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

இன்று அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம். எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கும்போது பீரோவுக்குள் அவன் போன் அடிக்க ஆரம்பித்தது. விடாமல் டிங் டிங் என்று. மணி பதினொன்று. வந்திருந்த கூட்டம் முழுக்க பீரோவையே பார்த்தது. "அந்தச் சனியன அமத்துங்க" என்றார் என் நாத்தனார். அமத்தவில்லை. தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறவளே நான்தான்.

செப்டம்பர் 9, திங்கள்

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

போனைத் திறந்துவிட்டேன். அவன் விரலால் ஒரு கோடு இழுப்பான், பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். கை அதுவாகவே இழுத்தது.

அவன் ஒரு குழு வைத்திருந்தான். பெயர் 'ரெண்டு தட்டு'. நானூறு பேர் இருக்கிறார்கள், எல்லாரும் இங்கிலீஷ் படப் பைத்தியங்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு இரண்டு படத்தை எடுத்து, ஒன்றை இடது தட்டிலும் இன்னொன்றை வலது தட்டிலும் வைத்து எது கனம் என்று எழுதுவான். அதன் பிறகு ஆள் ஆளுக்கு 'இடது', 'வலது' என்று எழுதிச் சண்டை போடுவார்கள். அங்கே அவன் பெயர் பூவன். யாருக்கும் அவன் வீடு தெரியாது, ஊர் தெரியாது.

முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைத்தால் அதுவே போய்விடுமாம். மூன்று ஞாயிறுக்கு அப்படி வைத்திருந்திருக்கிறான். ஆகஸ்ட் 25, காலையில் அவனை எரித்துவிட்டு வந்தோம், பதினொரு மணிக்கு அவன் ஒரு போலீஸ் படத்தையும் ஒரு பேய்ப் படத்தையும் எடை போட்டிருக்கிறான். ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். பதினாறாம் நாளில் போனதுதான் கடைசி.

இனி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். எழுதி முடிக்காமல் ஒன்று கிடக்கிறது. அப்படியே இங்கே நகல் எடுக்கிறேன்:

"இடது தட்டு: பனிக்கடல் படம். வலது தட்டு: சலவைக்கடைப் படம். யானையையும் எறும்பையும் எடை போடுதியான்னு ஜெரோம் கேப்பான். கேக்கட்டும். ரெண்டுலயும் ஒரு கதவு மூடுது. நான் அந்தக் கதவ மட்டும்தான் எடை போடப்போறேன்."

ஜெரோம் குழுவில் எப்போதும் அவனோடு மல்லுக்கு நிற்கிறவன். இதற்குக் கீழே இன்னும் நாலைந்து வரி இருக்கிறது. அது இங்கே வேண்டாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பதினொன்று அடித்தது. பதினொன்றே கால் ஆனது. "பூவன் எங்க?" "மூணு வருசத்துல ஒரு ஞாயிறு தவறினதில்லையே." "தூங்கிட்டாரு போல, யாராவது எழுப்பி விடுங்கப்பா." அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இறந்துவிட்டான் என்று அடித்து முடிப்பதற்குள் விரல் நின்றுவிட்டது. அழித்தேன். "உடம்பு சரியில்ல. அடுத்த வாரம் எழுதுறேன்" என்று அடித்து அனுப்பினேன்.

அவ்வளவுதான், நானூறு பேரும் அவன் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். கஞ்சி குடிக்கச் சொன்னாள் ஒரு பெண். எவள் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. பனிக்கடல் படம் இங்கே தமிழில் பேசி வந்திருந்தது. அது அவனுக்கு ஆகாது. "அவன் தொண்டையில இவன் பேசினா எப்டிம்மா" என்பான். மூலக்குரலில் கேட்க வேண்டும் என்று திருநெல்வேலிக்குக் கிளம்பினான். "எம்மா, நீயும் வா" என்றான். எனக்கு அன்றைக்கு வேலை இருந்தது. பைக்கில் போனான். திரும்பி வரும்போது கயத்தாறுக்குப் பக்கத்தில் லாரி.

செப்டம்பர் 22, ஞாயிறு

அடுத்து எடை போட வேண்டியவை என்று அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். முதல் இரண்டையும் நேற்றும் முந்தாநாளும் ராத்திரியில் அவன் லேப்டாப்பில் பார்த்தேன். ஒன்று ரயில் கொள்ளை, மற்றொன்று அருங்காட்சியகக் கொள்ளை. இங்கிலீஷ் எழுத்தாகக் கீழே ஓடினால் படித்துவிடுவேன், பேச்சுதான் பிடிபடாது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் ஒருத்தரும் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. எட்டுப் பேர் நான்கு நாள் ரயிலில் கொள்ளை அடிக்கிறார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நம் படத்தில் திருடன்கூட அம்மா கையால் ஒரு உருண்டை வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவான். அருங்காட்சியகப் படத்தில் மட்டும் ஒரு கிழவன் சட்டைப்பையிலிருந்து ரொட்டி எடுத்துக் கூட்டாளிக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தான். அதற்காகவே வலது தட்டு கனம் என்று எழுதிவிட்டேன்.

பதினொரு மணிக்கு அனுப்பினேன். ஒரே சிரிப்பு. நான் "மேற்படி கதாநாயகன் பெட்டகத்தைத் திறந்ததாகப் பார்வையாளரால் அறியப்படுகிறது" என்று எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடப் பழக்கம், அடித்தது எனக்கே தெரியவில்லை. "பூவன் ப்ரோ, படத்த எடை போடுறீங்களா, பத்திரம் பதியுறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுப்படி வாசலில் இவர் வந்து நின்றார். "ஏளா, தனியா என்னத்துக்குச் சிரிக்க?"

"ஒண்ணுமில்ல."

என் வீட்டுக்காரர் பரமசிவம் பஸ் டெப்போவில் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். இந்த ஒரு மாதமாக அதுவும் கிடையாது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்றும் எழுதினேன். மேற்படி, அன்னார், எதிர்மனு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு அவன் பழைய பதிவுகளைப் பார்த்து அவனைப் போலவே எழுதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெரோம் மட்டும் வழக்கம்போல மாற்றிப் போட்டான். நான் இடது என்றால் அவன் வலது. தூத்துக்குடிக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பூவநாதனும் இவனும் மூன்று வருடமாக நேரில் பார்க்காமலே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று சண்டைக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான். "மூணு வருசமா நீ கேமரா எங்க நிக்குன்னுதான் பாப்ப. இப்ப ரெண்டு வாரமா யாரு சோறாக்குதா, யாரு துணி துவைக்கான்னு பாக்க. என்னல ஆச்சு ஒனக்கு?"

கேமரா எங்கே நிற்கிறது என்று நான் எங்கே போய்ப் பார்ப்பேன்.

அக்டோபர் 3, வியாழன்

இன்று ஒரு களவு வழக்கில் சாட்சி மூன்று தரம் மாற்றிச் சொன்னான். முதலில் வீட்டில் இருந்தேன் என்றான், அப்புறம் கடையில் என்றான், கடைசியில் ஞாபகமில்லை என்றான். வக்கீல் சிரித்தார். நான் மூன்றையும் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். செப்டம்பர் 17இல் 'வேலை இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். என்ன வேலை என்றால், மாவு ஆட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இட்லி மாவு.

அக்டோபர் 6, ஞாயிறு

எதுவும் அனுப்பவில்லை. நெட் இல்லை என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு பொய்க்கும் இன்னொன்று தேவைப்படுகிறது, எத்தனை பேர் இப்படி மாட்டி முழித்ததைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. டெப்போவில் பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டிப் பொட்டு வைத்திருப்பார்கள். இவர் காலையில் அங்கே போய்விட்டுப் பத்து மணிக்கே திரும்பினார். வீட்டில் அவருடைய சைக்கிளைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். பக்கத்தில் வருடா வருடம் பைக் நிற்கும். அது இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடக்கிறது. கையில் மிச்சச் சந்தனத்தை வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு தரையிலேயே ஒரு பொட்டு வைத்தார்.

நான் தாங்கமாட்டாமல் உட்கார்ந்து அழுதேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார், நாலாக மடித்தது.

"ஸ்டேஷன்ல பர்சு குடுத்தப்ப இதும் இருந்துச்சு. ஒங்கிட்டச் சொல்லல."

சினிமா டிக்கெட். பக்கத்துப் பக்கத்துச் சீட்டு, இரண்டு பேருக்கு.

"நீ பாத்தா தாங்கமாட்டன்னு நான்தான் வச்சிருந்தேன்ளா. ஒண்ணரை மாசமா இத எங்க வைக்கன்னு தெரியாம சட்டையில வச்சிக்கிட்டுத் திரியுதேன்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "போன்ல டிக்கெட் போட்ட மெசேஜ் இருக்கு. மொத நாளே பாத்துட்டேன். ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நானும் சொல்லல."

பொரியும் கடலையும் அப்படியே தட்டில் இருந்தது. பஸ்ஸில் போயிருப்போம். நான் வருகிறேன் என்றால் அவன் பைக்கை எடுத்திருக்கவே மாட்டான். என் முதுகு வலிக்கு அவன் என்னைப் பைக்கில் ஏற்றுவதே இல்லை. இதை இவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

பனிக்கடல் படம் வீட்டிலேயே பார்க்கும்படி வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எத்தனை பெரிய படம்! பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கப்பல் சிக்கிக்கொள்கிறது, அதைச் சரிசெய்ய ஒரு இன்ஜினீயர் இறங்குகிறான். தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. இரும்புக் கதவை மூடாவிட்டால் கப்பலில் உள்ள நாற்பது பேரும் சாவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய கூட்டாளி. கூட்டாளி கதவை மூன்று தரம் தட்டுகிறான். இவன் மூடிவிடுகிறான்.

நம் படமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டு வரும், சின்ன வயதில் இரண்டு பேரும் கிணற்றில் குதித்ததைக் காட்டுவார்கள். இங்கே ஒன்றும் இல்லை. தட்டுகிற சத்தம் நின்றதும் சுத்தமாகச் சத்தமே இல்லை. குழுவில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் இந்த வருடத்தின் பெரிய காட்சி என்கிறார்கள். இருக்கட்டும், நன்றாகத்தான் எடுத்திருக்கிறான்.

அன்றைக்குத் தியேட்டரில் பூவநாதன் பக்கத்தில் ஒரு சீட்டு காலியாக இருந்திருக்கும். பையை வைத்திருப்பான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சலவைக்கடைப் படத்தைப் போன வருடம் அவன் எனக்குப் போட்டுக் காட்டினான். பத்து நிமிடத்தில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை. ஒருவரும் பேசாமல் துணி மடிக்கிற படத்தை எவள் பார்ப்பாள்?

இன்று முழுக்கப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்ன ஊர். அம்மாவும் மகனும் சலவைக்கடை நடத்துகிறார்கள். மகன் வேறு ஊருக்குப் போகப்போகிறான், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருக்கிறாள். கடைசி நாள் அவன் பெட்டியோடு கடைக்கு வந்து நிற்கிறான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போர்வை மடிக்கிறாள். அவன் ஏதோ சொல்கிறான், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கதவில் கட்டியிருக்கிற சின்ன மணி அடிக்கிறது. கதவு மூடுகிறது. அவள் திரும்பவில்லை. படம் முடிந்தது.

குழுவில் பழசைத் தேடிப் பார்த்தேன். 'கல்நெஞ்சக்காரி', 'நம்ம ஊரு அம்மான்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முறுக்கு டப்பாவோட ஓடும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப அந்தக் கடைசிக் காட்சியை ஓட்டினேன். எத்தனை தரம் ஓட்டினாலும் அவள் திரும்பமாட்டேன் என்கிறாள்.

அக்டோபர் 16, புதன்

ஜெரோம் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க பூவன் இல்ல. அவன் எங்க? நல்லா இருக்கானா? அத மட்டும் சொல்லுங்க."

நீங்க என்று எழுதியிருக்கிறான். அவனை எப்போதும் 'ஏல' என்றுதான் கூப்பிடுவான்.

போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 19, சனி

மாவு வெள்ளிக்கிழமையே ஆட்டிவிட்டேன். ஆகஸ்ட் 23ஆம் தேதி சாயங்காலம். சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

கோபம். தாலுகா ஆபீஸ் பரீட்சைக்கு நான் நடையாக நடந்து அவனுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆகஸ்ட் 18, ஞாயிறு பரீட்சை. எழுதாமல் இந்தக் குழுவில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வாரமாக நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானம் செய்யத்தான் டிக்கெட் போட்டிருக்கிறான்.

"எம்மா, நீயும் வாயேன். ரெண்டு மணி நேரம்தான்."

"நீ பாக்குற படத்துல எவனாவது ஒனக்கு வேலை போட்டுக் குடுப்பானா?"

அவன் சிரித்தான். நான் தொட்டியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன். "போயிட்டு வாரேம்மா" என்றான். கேட் சத்தம் கேட்டது. அவன் ஒரு நிமிடம் கேட்டிலேயே நின்றான், வண்டி கிளம்பின சத்தம் உடனே வரவில்லை. எனக்கு அது தெரிந்தது. திரும்பியிருந்தால் ஜன்னல் வழியாகத் தெரிந்திருப்பான். திரும்பவில்லை.

இதுதான் உண்மை. மாற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12இல் நகல் எடுக்காமல் விட்ட வரிகள் இவை. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு, தியேட்டர் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்:

"சலவைக்கடை அம்மா ஏன் திரும்பிப் பாக்கல? கோவமா, பயமா? கோவம்னா இடது கனம். பயம்னா வலது கனம். எனக்குப் பிடிபடல. எங்கம்மாட்டக் கேட்டுட்டுதான் எழுதணும். எங்கம்மா இன்னைக்கு வந்திருந்தா இங்கனயே கேட்டு முடிச்சிருப்பேன்."

அக்டோபர் 20, ஞாயிறு

பத்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன். இவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். குழு என்ன, நான் ஐந்து வாரமாக என்ன செய்துகொண்டிருக்கிறேன், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "நம்ம பிள்ளை இத்தனை பேர்ட்டப் பேசுனானா?" என்று மட்டும் கேட்டார்.

பதினொரு மணிக்கு அவன் எழுதியதை எல்லாம், கடைசி வரிகளையும் சேர்த்து, அப்படியே போட்டேன். கீழே இதை அடித்தேன்:

"என் பெயர் செண்பகவல்லி. நான் பூவனின் அம்மா. பூவன் ஆகஸ்ட் 24ஆம் தேதி விபத்தில் இறந்துபோனான். மேலே உள்ளது அன்று சாயங்காலம் அவன் எழுதியது. அதன்பின் இங்கே அவன் பெயரில் எழுதியதெல்லாம் நான். தப்புதான். அவனை முடித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவன் என்னிடம் கேட்க நினைத்ததற்குப் பதில் சொல்கிறேன். கோபமும் இல்லை, பயமும் இல்லை. வீம்பு. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பலாம் என்றுதான் அவள் காத்திருக்கிறாள். அதற்குள் கதவு மூடிவிட்டது.

இரும்புக் கதவை மூடினவனுக்கு வேறு வழி இல்லை, நாற்பது உயிர் இருந்தது. சலவைக்கடை அம்மாவுக்கு வழி இருந்தது. தலையைத் திருப்பினால் போதும். வலது தட்டுதான் கனம்."

பதினொரு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. போன் செத்துவிட்டதோ என்று இவர் தட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ஆறுதல் ஒன்றும் இல்லை, யாரும் அம்மா என்றுகூட எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன எழுதுவார்களோ அதையே எழுதினார்கள். வலது. வலது. வலது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், இவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஜெரோம் வந்தான். "வலது. மூணு வருசத்துல இன்னைக்குத்தான் ஒத்துக்கிடுதேன். ஏல பூவா, ஜெயிச்சிட்டல."

அக்டோபர் 21, திங்கள்

கோர்ட்டுக்கு ஒன்பதரைக்குப் போனால் போதும். இவர் டெப்போவுக்கு ஏழு மணிக்குக் கிளம்பினார். சட்டி பாதி கழுவினபடி தொட்டியில் கிடந்தது. அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு கேட் வரைக்கும் போனேன்.

"என்னளா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

சைக்கிளை மிதித்துப் போனார். தெரு முக்கு திரும்பும் வரைக்கும் நின்றேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.